பொள்ளாச்சிக்காரர் சைகோனில் வேர் பிடித்த நாள்

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆயுசு முழுக்க விசில் ஊதித் தனியார் பஸ்களைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்த டைம் கீப்பர் தெய்வசிகாமணி, ரிட்டயரான பிறகு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வியட்நாம் போன இடத்தில், சைகோன் நகரத்து நடைபாதை ஒன்றில், சொன்ன நூடுல்ஸ் வந்து சேருவதற்குள் வேர் பிடித்துவிட்டார்.

அன்றைக்குக் காலையில் அவர்கள் இருவரும் அந்தச் சந்தில் சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊரில் குழந்தையைக் குளிப்பாட்ட மணை போட்டு உட்காருவார்களே, அந்த உயரம்தான் இருக்கும். அந்த ஊரில் அதில் உட்கார்ந்துதான் கல்யாணம் பேசுவார்கள், வியாபாரம் முடிப்பார்கள், சூப்புக் குடிப்பார்கள். ஊருக்குத் திரும்பும் பிளேன் பொழுது சாய்ந்து. அதுவரைக்கும் ஊரைச் சுற்றிக்காட்டவும் தெருச் சாப்பாடெல்லாம் வாங்கிக் கொடுக்கவும் மகள் மோகனப்பிரியா கோயமுத்தூரிலிருந்தே ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்திருந்தாள். லான் என்று பெயர். நாற்பது வயசிருக்கும். சைகோனில் ஒரு தமிழ் ஓட்டலில் வருஷக்கணக்காகப் பரிமாறிய பெண் என்பதால் தமிழ் நன்றாகவே வரும், ஆனால் ஓட்டலில் கேட்ட தமிழ் மட்டும்தான் வரும்.

"ஏம் புள்ள, இன்னும் வல்லியா? கெளம்பு, போற வழியில பன்னு ஏதாச்சும் வாங்கித் தின்னுக்கலாம்" என்றார் தெய்வசிகாமணி. உட்கார்ந்து சித்த நேரம்கூட ஆகவில்லை.

"சார், உக்காருங்க. ரெண்டே நிமிஷம். சூடா வந்துட்டிருக்கு" என்றாள் லான்.

பெண்டாட்டி வசந்தாமணிக்கு எதையும் மறுத்துச் சொல்லிப் பழக்கமில்லை. கல்யாணத்தன்றைக்கே புரோகிதரை விரட்டு விரட்டென்று விரட்டி, முகூர்த்தம் பிறப்பதற்கு முன்னாலேயே தாலியைக் கட்டிவிட்டு, "சரி, அடுத்து என்ன?" என்று கேட்ட மனுசன். தஞ்சாவூர்க் கோபுரத்தை நடந்துகொண்டே பார்க்கவைத்தார். ஊட்டி ஏரியின் அக்கரையில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. தலையைத் திருப்புவதற்குள் பஸ் ஏற்றிவிட்டார். அதனால் இவரோடு எங்கே போனாலும் ஒரு காலைச் செருப்பிலிருந்து கழற்றாமல் வைத்திருப்பது அவள் வழக்கம்.

அன்றைக்கு அவர் எழப் பார்த்தார், முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது என்றுதான் வசந்தாமணி நினைத்தாள். குனிந்து பார்த்தால், முக்காலியின் கால்கள் நடைபாதைக் கல்லின் இடுக்குகளில் இறங்கியிருந்தன, வெள்ளை வெளேரென்று முருங்கை வேர் மாதிரி மெல்லிய வேர்கள் அங்கிருந்து கிளம்பிச் சாக்கடை மூடி வரைக்கும் ஓடியிருந்தன, அவருக்கும் முக்காலிக்கும் நடுவில் ஒரு தாள் நுழைக்கக்கூட இடமில்லாமல் ஒட்டிப்போயிருந்தது.

"என்ன கெரகம்டா இது!" என்றார் அவர்.

எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டி முடி வெட்டிக்கொண்டிருந்த நாவிதர், பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பைக் டாக்சிக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார்கள். அவருடைய சட்டைதான் மேலே வந்தது. சூப்புக் கடைக்காரி, து என்று பெயர், சந்துக்கே து அக்கா, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தாள், வேரைக் கால் கட்டைவிரலால் தொட்டாள், ஏதோ சொல்லிக்கொண்டே ஆவி பறக்கும் கிண்ணத்தை அவர் கையில் வைத்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"வேர் விட்டவருக்குப் பசிக்கும், முதல்ல சாப்பிடட்டும்னு சொல்றாங்க. மூணாவது சந்துல ஒரு கணக்கு வாத்தியாருக்கும் இதே மாதிரி வந்துச்சாம். ஆனா அவர் பலா." லான் உச்சுக்கொட்டினாள். "பாவம், முள்ளு."

அதற்குப் பிறகு அந்தச் சந்து கூடிப் பேசியதெல்லாம் இது எப்படி வந்தது என்று அல்ல, இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான். மீன் சாறு ஊற்றினால் வேர் விட்டுவிடும் என்றார் நாவிதர்; ஊற்றினார்கள், நாற்றம்தான் மிச்சம். லாட்டரிச் சீட்டு விற்கிறவள் அவருடைய வயசைக் கேட்டு அந்த எண்ணில் முடிகிற சீட்டையெல்லாம் முன்னால் எடுத்து வைத்தாள், அவை உடனே விற்றும் போயின. யாரோ ஒரு அம்மாள் அவருக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பிறகு வார்டு அதிகாரி விசிலும் கையுமாக வந்து சேர்ந்தார். முக்காலி என்றால் நடைபாதையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும், இது வெளியே இருக்கிறது. மரம் என்றால் யாரும் கைவைக்கக் கூடாது. அதிகாரி நெடுநேரம் அவரைச் சுற்றி வந்தார். கடைசியில் மரம்தான் என்று முடிவு செய்து, அந்த ஊரில் சாலையோரத்து மரங்களுக்கெல்லாம் போடுகிற மாதிரி, தெய்வசிகாமணியின் முழங்காலுக்குக் கீழே வெள்ளை பெயின்ட்டில் ஒரு நம்பர் போட்டார்.

"இந்த ஊர்ல இவரு ஒருத்தருதான் முறையா வேல செய்யறாரு" என்றார் தெய்வசிகாமணி.

வசந்தாமணி மகளுக்குப் போன் போட்டாள். "கண்ணு, உங்கொப்பா உக்காந்துட்டாரு."

"என்னது! அப்பா உக்காந்துட்டாரா?" மகளுக்கு அதைத்தான் நம்ப முடியவில்லை. வேர் விஷயத்தைச் சொன்னதும், "அதுசரி" என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீயாவது போய் ஊரைப் பாத்துட்டு வாம்மா" என்றாள்.

தனியாகவா? வசந்தாமணி அவரைப் பார்த்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் சாப்பாட்டை உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"போயிட்டு வா. ஆனா வெரசா வந்தறோணும்" என்றார்.

லான் தன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தி ஹெல்மெட்டை நீட்டினாள். "ஏறுங்கம்மா. ஆர்டர் எடுத்தாச்சு, இனி கேன்சல் இல்ல."

வசந்தாமணி பைக்கில் ஏறியதே இல்லை. பச்சைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள், லானின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு திறந்தாள். திறந்தால் முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் பைக்குகள், ஒரு பைக்கில் குடும்பம், ஒரு பைக்கில் கண்ணாடி பீரோ, ஒரு பைக்கில் தண்ணீர்ப் பைக்குள் நீந்துகிற தங்க மீன்கள். எல்லாம் ஒன்றையொன்று உரசாமல், ஆற்றில் மீன் கூட்டம் திரும்புவது மாதிரித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அந்த வெள்ளத்துக்கு நடுவில் அவள் வாயைத் திறந்து, ஏன் என்று தெரியாமலே, "ஏஏஏ" என்று கத்தினாள். பக்கத்துப் பைக்கில் போன பெண்ணும் திரும்பி அதே மாதிரி கத்திவிட்டுப் போனாள்.

மஞ்சள் நிறத்தில் பெரிய தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போன லான், "இது ஃபுல் மீல்ஸ். நிதானமா பாருங்க" என்றாள். ரோஸ் நிறத்துச் சர்ச்சுக்கு முன்னால், "இது ஸ்வீட். போட்டோ மட்டும்" என்றாள். நடுவில் நிறுத்திய இடத்திலெல்லாம் சாப்பாடு. மஞ்சள் போட்டு வார்த்த மொறுமொறு தோசை ஒன்று, உள்ளே இறாலும் முளைகட்டின பயறும், அதைப் பிய்த்துக் கீரையில் சுருட்டிப் புளிப்புத் தண்ணீரில் முக்கித் தின்ன வேண்டும். வசந்தாமணிக்குச் சுருட்டத் தெரியாமல் முழங்கை வழியாக ஒழுகியது, கடைக்காரி வந்து சுருட்டி வாயிலேயே ஊட்டிவிட்டாள். டின் பாலும் ஐஸும் போட்ட காப்பி ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கியது. அது இறங்கி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம் என்பதையே அவளால் நம்ப முடியவில்லை. செருப்பை இரண்டு காலிலிருந்தும் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். சைகோன் நடுவில் நம்ம ஆத்தா, நம்ம ஊர்க் கோபுரம், கும்பிடுகிறவர்கள் முக்கால்வாசி அந்த ஊர்க்காரர்கள். சன்னதிக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்று கல் சுவரில் நெற்றியை வைத்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றாங்க?"

"கம்ப்ளைண்ட் சொல்றாங்க. எக்ஸ்ட்ரா என்ன வேணும்னும் சொல்லலாம். ஆத்தா கேப்பாங்க."

வசந்தாமணியும் போய் நெற்றியைச் சுவரில் வைத்தாள். சுவர் சில்லென்றிருந்தது. ஆத்தா, அந்த மனுசனை எழுப்பிவிடு என்று சொல்லத்தான் போனாள். சத்தியமாக அதைத்தான் சொல்லப் போனாள். ஆனால் வாய் திறந்ததும் வந்தது வேறு: "ஆத்தா, சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

சொன்ன பிறகு பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பச் சொல்லி அழித்துவிடலாமா என்று பார்த்தாள். பின்னால் வரிசை காத்திருந்தது.

"வேறு ஏதாச்சும்?" என்றாள் லான் வெளியே வந்ததும்.

"வேற என்ன இருக்குது?" என்றாள் வசந்தாமணி. பயறும் வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட பாயசம் இருந்தது. அதையும் சாப்பிட்டாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது சந்து முனையிலேயே விசில் சத்தம் கேட்டது. வார்டு அதிகாரியின் விசில் இப்போது தெய்வசிகாமணியின் வாயில் இருந்தது. அவர் கையை வீசி, "நீ நில்லு, சேப்புச் சட்ட, நீ போ, ரைட், ரைட், போலாம்!" என்று கத்த, ஒருத்தருக்கொருத்தர் வழிவிடுவதென்றால் என்னவென்றே தெரியாத அந்தச் சந்தின் பைக்குகள் முறைவைத்துப் போய்க்கொண்டிருந்தன. "லைட், லைட், போலா" என்று பைக்குக்காரர்களும் பதில் சொல்லிப் பழகியிருந்தார்கள். அதிகாரி பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகக் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

வசந்தாமணி கிட்டே போய்ப் பார்த்தாள். அவருடைய சட்டைக் காலரிலிருந்தும் காதுக்குப் பின்னாலிருந்தும் கொத்துக் கொத்தாக இலை விட்டிருந்தது. நான் வேண்டிக்கொண்டதால்தானோ? கிள்ளி மோந்து பார்த்தாள். கறிவேப்பிலை.

"கிள்ளாத புள்ள, கூசுது" என்றார் அவர்.

அந்த ஊரில் ஒரு கூடைப் பச்சிலை இல்லாமல் எந்தச் சூப்பும் மேசைக்கு வராது. து அக்கா மத்தியானமே ஒரு இலையைக் கிள்ளிக் கூடையில் போட்டுப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான், அடுத்த தெருவிலிருந்தெல்லாம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். ரொட்டிக்காரி வந்தாள், நத்தை வறுக்கிறவன் வந்தான், ஒவ்வொருத்தரும் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போக, அவர் ஒவ்வொரு ஒடிப்புக்கும் நெளிந்து நெளிந்து சிரித்துக்கொண்டே விசில் ஊதியிருக்கிறார். எல்லாரும் அவரைக் கறிவேப்பிலையாக நினைத்தாலும் ஒருத்தராவது எடுத்து எறியவில்லை, மென்று தின்றார்கள்.

"ஏனுங்க, பிளேனுக்கு நேரமாகுதுங்க."

"அது கெடக்குது" என்றார் தெய்வசிகாமணி. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து வசந்தாமணி கேட்டதே கிடையாது.

அவரைக் கூட்டிப்போக வழி பண்ணச் சொல்லி லான் போய்ப் பேசினாள். து அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். நாவிதர் சொன்னார். நத்தைக்காரன் சொன்னான். லான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். "பார்சல் கிடையாதாம்மா. இங்கயே வச்சுத்தான் சாப்பிடணுமாம்."

வசந்தாமணி அன்றைக்குக் காலையிலிருந்த வசந்தாமணியாக இருந்திருந்தால் ஓரமாக உட்கார்ந்து அழுதிருப்பாள். அவள் சேலையை மறுபடி இழுத்துச் செருகினாள்.

"அவங்ககிட்டச் சொல்லு. அவரு அவங்களுக்கு இன்னைக்குத்தான் கறிவேப்பில. எனக்கு அவரு முப்பத்தஞ்சு வருசமாத் தலைவலி. உட்டுட்டுப் போவனா?"

லான் அதை எப்படிச் சொன்னாளோ, சந்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். து அக்காவும் சிரித்தாள், ஆனால் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

வசந்தாமணி மண்டியிட்டு உட்கார்ந்து முக்காலியைச் சுற்றிக் கல் இடுக்குகளைத் தடவிப் பார்த்தாள். கறிவேப்பிலை மரம் வைத்திருக்கிற யாருக்கும் தெரியும், மரம் ஒன்று நின்றால் பக்கத்தில் கன்று வந்தே தீரும். வந்திருந்தது. அவருடைய இடது குதிகாலுக்குப் பின்னால், சுண்டுவிரல் உயரத்தில், பளபளவென்று ஒரு கன்று. ஒரு தோசைக் கரண்டியை வாங்கி வேர் அறுபடாமல் அதைத் தோண்டியெடுத்து, காலியான டின்னில் மண் போட்டு நட்டு, து அக்காவின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"வாரத்துக்கு ஒருக்காப் புளிச்ச மோர் ஊத்தச் சொல்லு."

லான் சொன்னாள். து அக்கா யோசித்தாள். "மோர் இல்லையாம். மீன் சாறு ஊத்தலாமான்னு கேக்கறாங்க."

"அதையும் ஊத்திப் பாக்கட்டும்" என்றாள் வசந்தாமணி. காலையில் அவருக்கும் அதைத்தானே ஊற்றினார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சந்து காட்டிய சுறுசுறுப்பைச் சொல்லி மாளாது. மரத்தை வெட்டத்தான் கூடாது, இடம் மாற்றலாம் என்று அதிகாரி அனுமதி கொடுத்தார். நாவிதர் கல்லைப் பெயர்த்தார், பைக் டாக்சிக்காரர்கள் மண்ணைத் தோண்டினார்கள், வருஷப் பிறப்புக்கு ஆரஞ்சுச் செடி வைக்கிற பெரிய பீங்கான் தொட்டியை யாரோ உருட்டிக்கொண்டு வந்தார்கள். முக்காலியோடும் வேரோடும் தாய்மண்ணோடும் தெய்வசிகாமணியை அதில் இறக்கி, ஆள் முன்னால் உட்காரும் சைக்கிள் ரிக்சா ஒன்றில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ரொட்டிக்காரி வழிக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாள். து அக்கா கடைசியாக ஒரு கொத்து ஒடித்துக்கொண்டாள்.

ரிக்சாக்காரர் வயசானவர், மெதுவாகத்தான் மிதித்தார். லானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வசந்தாமணி ரிக்சாவுக்குப் பக்கத்திலேயே வந்தாள்.

"இதா, இதுதானுங்க தபால் ஆபீசு. உள்ள போனீங்கன்னா மச்சு அவ்வளவு ஒசரம். வெள்ளக்காரங் கட்டுனது."

"பெரிசாத்தான் இருக்குது" என்றார் தொட்டியிலிருந்து.

"அக்கட்டால திரும்பிப் பாருங்க, ரோஸ் சர்ச்சு. இந்தப் பக்கம் பாருங்க, இந்த அம்மாதான் எனக்குத் தோச ஊட்டிவுட்டா!"

தோசைக் கடைக்காரி கையாட்டினாள். தெய்வசிகாமணியும் ஆட்டினார், இலை உதிர்ந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்தார். ஓடாத மனுசனுக்கு எவ்வளவு தெரிகிறது என்று வசந்தாமணிக்கு ஆச்சரியமாக இருந்தது: மின்கம்பியில் உட்கார்ந்திருந்த குருவி, மாடியில் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை, ஒரு கிழவர் கூண்டுப் பறவையோடு போட்ட சண்டை, எல்லாவற்றையும் அவர்தான் அவளுக்குக் காட்டினார்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இல்லாத ஆற்றங்கரைக்கு ரிக்சா எப்படிப் போனது என்று லான் கேட்கவில்லை. ரிக்சாக்காரருக்குக் கை காட்டி வழி சொன்னது வசந்தாமணி. அங்கே கயிற்றை அவிழ்த்துத் தொட்டியைக் கரையோரம் இறக்கி வைத்தார்கள். ஆறு அகலமாகப் போய்க்கொண்டிருந்தது, ஆகாயத்தாமரைகள் பச்சைத் தீவுகள் மாதிரி அதன்மேல் மிதந்துகொண்டு போயின.

"அதெல்லாம் எங்க போகுது?" என்று தெய்வசிகாமணி கேட்டார். நன்றாகப் பார்ப்பதற்காக எக்கினார், இன்னும் எக்கினார், தொட்டியிலிருந்து இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். இறங்கியது அவருக்கே தெரியவில்லை. முக்காலி மட்டும் தொட்டிக்குள் சாய்ந்து கிடந்தது.

லான் வாயைத் திறந்தாள். வசந்தாமணி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆத்தா கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டாள், சாயங்காலம் வரைக்கும்தான். வசந்தாமணிக்குக் கண் கலங்கியது, அது வருத்தமா இல்லையா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

"இப்பக் கெளம்பினா பிளேன் கெடைக்கும்மா" என்றாள் லான் மெதுவாக.

"நாளைக்கு வேற என்னல்லாம் இருக்குது?" என்று வசந்தாமணி கேட்டாள்.

லானுடைய முகம் மலர்ந்தது. "அன்லிமிடெட்!" என்றாள்.

ஆற்றின் மேல் ஒரு பாலம் வளைந்து நின்றது. தாமரைகள் எங்கே போகின்றன என்று அதன்மேல் போய் நின்றால் தெரியும் என்று வசந்தாமணிக்குத் தோன்றியது, தோன்றியதும் யாரிடமும் கேட்காமல் நடந்துவிட்டாள். நடுப்பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு ஊரைச் சுற்றிக்கொண்டு போவதும், அது போகிற திக்கில் சூரியன் கோவைப்பழமாகச் சிவந்து கட்டிடங்களுக்கு நடுவில் இறங்குவதும் தெரிந்தன. இதை அந்த மனுசன் பார்க்க வேண்டுமே என்று அவளுக்கு அடித்துக்கொண்டது.

கீழே அவர் போனில் பேசிக்கொண்டே, கால் சேறு காயாமல், பாலத்தில் ஏறி வந்துகொண்டிருந்தார். மகளாகத்தான் இருக்கும். "இல்ல கண்ணு, போகல... அம்மா பாலத்து மேல இருக்கறா... தெரியல, அவளத்தான் கேக்கோணும்" என்பது காற்றில் வந்தது. ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்றார். ஒவ்வொரு கம்பத்திலும் ஆற்றைப் பார்த்தார்.

"வெரசா வாங்க!" என்று வசந்தாமணி கத்தினாள். "பொழுது எறங்குதுங்க!"

அவர் காதில் விழவில்லை. முகப்பில் இரண்டு கண் வரைந்த படகு ஒன்று பாலத்துக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. அவர் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.